உனக்கு மட்டும் மூடக் கூடாது என்றார்கள்

எக்கோ எடுப்பதற்காக நெஞ்சில் தடவிய பசை சில்லென்று பட்டதும் இன்றைக்கும் உன் நினைவுதான் வந்தது. பரிசோதித்த டாக்டருக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்கம்மா, இதயத்து ஓட்டையை மூடின குடை. வச்ச இடத்துலயே இருக்கு" என்றாள். சாம்பல் படத்தில் வெள்ளையாக ஒரு சிறு கோடு. "கூட யாரும் வரலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் வெளியே காத்திருப்பவர்கள் பாவம்.

எண்பதுகளில் மதுரை ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் உன்னைப் பார்த்தேன். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அப்பா கூட்டி வந்திருந்தார். உன்னை ராஜபாளையத்திலிருந்து உன் அம்மா. உன் உதடுகள் நாவல்பழம் தின்றதுபோல் இருந்தன. நீதான் முதலில் பேசினாய்.

"ஏட்டி, உனக்கும் ஓட்டையா? எங்க?"

"இதயத்துல மேலறைக்கு நடுவுல இருக்காம்."

"எனக்குக் கீழறையில. அப்ப நீ மாடி வீடு, நான் கீழ் வீடு."

அப்பாகூடச் சிரித்துவிட்டார். நெஞ்சைத் திறந்து தைத்தால் எனக்குச் சரியாகும் என்றார்கள். கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணுக்கு நெஞ்சு நீளத்துக்குத் தழும்பா என்று வீட்டில் பயந்து தள்ளிப்போட்டார்கள். உனக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஏனென்று அப்போது நமக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு உன் வீட்டுக்கு நானும் என் வீட்டுக்கு நீயும் பஸ் ஏறிப் போய் வந்தோம். புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் எல்லாரும், எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று பெயர் கொண்ட குன்றில் இருக்கும் பெருமாளைக் கும்பிடப் படி ஏறுவார்கள். எனக்குப் பத்துப் படி ஏறினாலே நெஞ்சு அடைக்கும். அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீ, சனிக்கிழமை காலையிலேயே ராஜபாளையத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய். "சாமிக்கு வரல, உனக்குத்தான் வாரேன்" என்பாய். அவித்த கடலையை உரித்துக்கொண்டு, மேலே போகிறவர்களையெல்லாம் கேலி பேசுவோம். மலை ஏற முடியவில்லை என்ற குறையே எனக்கு இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரை டாக்டர் ஒரு புது வழி சொன்னார். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, சுருக்கிக் கொண்டுபோன குடையை உள்ளே விரித்து ஓட்டையை அடைத்துவிடலாம், சென்னையில் செய்கிறார்கள் என்றார். நாம் இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனோம். பக்கத்துத் தளவாய்புரத்து நைட்டிக் கம்பெனிகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நீ, முன்பக்கம் திறக்கிற மாதிரி ஒரே பூத்துணியில் இரண்டு நைட்டி தைத்து எடுத்து வந்திருந்தாய்.

பரிசோதனை எல்லாம் முடிந்தபின் பெரிய டாக்டர் என் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். உன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷமா அழுத்தம் தாங்கி, நுரையீரல் ரத்தக்குழாய் எல்லாம் இறுகிப்போச்சும்மா. இப்ப அந்த ஓட்டைதான் உங்களுக்குப் போக்கிடம். அதை மூடினா இதயம் தாங்காது" என்றார்.

உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நீதான் கேட்டாய்: "அப்ப நான் ஓட்டையைப் பத்திரமாப் பாத்துக்கிடணும், இல்லையா சார்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும், "எனக்கும் வேண்டாம், ஊருக்குப் போயிருவோம்" என்று அழுதேன். உனக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கிறுக்கி! ரெண்டு பேரும் போய்ச் சேந்தா யாருக்கு யாரு அழுகிறது? போய்ப் படுட்டி."

மயக்கம் தெளிந்தபோது நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. தொடையில் மட்டும் அழுத்திக் கட்டியிருந்தார்கள். காலை மடக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிப் போனதை நான் மறந்துவிடுவேனோ என்று, நீ என் முழங்கால்மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாய். உன் விரல்நுனிகள் நீலமாக, உருண்டு வீங்கியிருந்தன. என் விரல்களை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, "எம்புட்டுச் சிவப்பா இருக்கு!" என்றாய். உனக்கென்று தைத்த நைட்டியையும் என் பையிலேயே வைத்துவிட்டாய்.

அடுத்த புரட்டாசியில் நீதான் என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாய். "போய்ப் பாத்துட்டு வந்து மேல என்ன இருக்குன்னு சொல்லு." ஏறினேன். நெஞ்சு அடைக்கவில்லை. பாதியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அத்தனை செருப்புகளுக்கு நடுவில் நீ தனியாக உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். கையை ஆட்டினாய். நம் இரண்டு பேருக்குமாக இருந்த இடத்தில் உன்னை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. சந்நிதியில் எனக்கு ஒன்றும் வேண்டத் தோன்றவில்லை. இறங்கி வந்து, "மேல ஒண்ணும் பெருசா இல்ல" என்றேன். "பொய் சொல்லாதட்டி" என்று சிரித்தாய்.

அதற்குப் பிறகு உனக்குப் படுக்கையே கதி என்றாயிற்று. மூச்சு முட்டுகிறது என்று ஒரு நாள் மத்தியானம் உன் தெருவிலிருந்து போன் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடினேன். பள்ளிக்கூடத்தில்கூட ஓடியறியாதவள், கடைத்தெரு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வாசலில் கூட்டம் நின்றது. உன் அம்மா என் கையைப் பிடித்து, "செத்த நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா தாயி, உன்னத்தான் கேட்டா" என்றார். அவ்வளவு தூரம் ஓடியும் எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு அதைவிடக் கொடுமையான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் நெஞ்சில் ஓட்டையோடு இருப்பது எப்படி இருக்கும் என்று அவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடம் எதையும் விளக்கியதில்லை.

இன்று எக்கோ அறை இரண்டாம் மாடியில். லிப்ட் இருந்தும் படியில்தான் ஏறினேன். பாதியில், படி திரும்புகிற இடத்தில், வழக்கம்போல் நின்றேன். பின்னால் வந்தவர், "மூச்சு வாங்குதாம்மா?" என்றார். இல்லை, நீங்க போங்க என்று வழிவிட்டேன். நீ ஏறி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, அப்புறம் ஏறினேன்.