கண்மாய் என்று சொன்ன வாய்

மதினி,

பணியாரத்துக்குக் கருப்பட்டி தட்டுகிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது உங்கள் முகம். அடுத்து வருவது கோபம். ஐம்பது வருடமாகியும் இரண்டும் குறையவில்லை.

அருப்புக்கோட்டை டாக்டர் உங்கள் நீரைச் சோதித்துவிட்டு, “சீனி வியாதி. இனிமே சீனியத் தொடாதீக” என்றார். அந்த ஒரு சொல்லை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். திரும்பி வரும் பஸ்ஸிலேயே, “சீனியத்தான வேணாம்னாரு? கருப்பட்டியவா வேணாம்னாரு?” என்றீர்கள். உங்கள் தம்பியும் ஆமாம் போட்டார். நான்தான் கருப்பட்டிப் பானையை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். மறுசோறு போடுவதையும் நிறுத்தினேன். நீங்கள் கிணற்றடியில் போய், “தம்பி பொண்டாட்டி என்னயப் பட்டினி போட்டே கொல்றா” என்று அழுதீர்கள். திருச்சுழி முழுக்க அதே பேச்சு.

அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் காரியாபட்டிச் சம்பந்தக்காரர்கள் விருந்துக்கு வந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துத் தட்டை நீட்டினீர்கள்.

“இன்னும் ஒரு கை போடுத்தா. பசிக்கி.”

“இந்த ஊருக் கண்மாய் நெறஞ்சாலும் ஒங்க வயிறு நெறையாது மதினி.”

அத்தனை பேரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் சோறு கேட்டதே இல்லை. குதிகால் புண் புரையோடி நீங்கள் போய்ச் சேர்ந்த அன்று, குளிப்பாட்டச் சேலையை அவிழ்த்தேன். முந்தி முடிச்சில் கருப்பட்டித் துண்டு இருந்தது. என் விரலில் ஒட்டியது.

இப்போது எனக்கும் அதே வியாதி. சில மாதம் முன்பு சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தால், மறுபடி பசி. நர்சு வேலை பார்க்கும் பேத்தியிடம் வெட்கத்தோடு சொன்னேன்.

“இதுல என்ன வெட்கம் அப்பத்தா? சாப்பாடு எறங்குனதும் கொடலே ரத்தத்துல சேதி அனுப்பும். கணையத்துக்கு இன்சுலின விடுன்னு, எரைப்பைக்கு மெதுவா எறக்குன்னு, மூளைக்குப் போதும்னு. இந்த வியாதியில அந்தச் சேதி சரியா எடுபடாது. சீனி ஏறிரும், தின்னாலும் பசிக்கும்.”

“அப்ப எங்க மதினிக்கு?”

“அவுகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.”

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஆனால் கண்மாய்க்கு மடை உண்டு, மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் உண்டு என்பது தெரியும். ஆள் வராததற்குக் கண்மாயை வைதிருக்கிறேன்.

அந்தச் சேதியைப் போலவே ஒன்றை இப்போது ஊசியில் அடைத்துத் தருகிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு முறை பேத்தி போட்டுவிடுகிறாள்.

கிணற்றடியில் நீங்கள் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பசித்தது நிஜம்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வயிறு போதும் என்றது. தட்டில் மிச்சம் கிடந்தது ஒரு கைச் சோறு, மதினி. நீங்கள் கேட்ட அளவு.