ஜெட்டி சந்திப்பில் பத்து நொடி

ஜூன் 9, திங்கள்

மூன்றாவது நாளாக ஜெட்டி சந்திப்பில் நின்று வண்டி எண்ணினேன். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. பைக், ஆட்டோ, ஜீப், பஸ், லாரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. எட்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது. சந்திப்பில் டிராஃபிக் பார்க்கும் ஹோம்கார்டு பெண் வந்து தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தாள். சௌமியா என்று நெஞ்சில் பெயர்ப்பட்டை. இருபத்தைந்து வயது இருக்கும்.

"க்யா மேடம், மேலே கேமரா வெச்சிருக்கீங்கள்ல, அப்புறம் எதுக்கு நனையறீங்க?"

கேமரா பதிவதை நான் கண்ணால் பார்த்த கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்றேன். "அச்சா" என்றாள். புரிந்த மாதிரி இல்லை.

வரப்போவது போர்ட் பிளேருக்குப் பெரிய விஷயம். ஜெட்டி சந்திப்புக்கு சிக்னல். எத்தனை நொடி பச்சை, எத்தனை நொடி சிவப்பு என்று முடிவு செய்யப்போவது நான். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அங்கே சிக்னல் என்ன, சாலையே ஒன்றுதான்.

ஜூன் 12

மாடல் ஓடுகிறது!

நேற்றுவரை கம்ப்யூட்டரில் எல்லா வண்டியும் நடுச்சந்தியில் முட்டிக்கொண்டு உறைந்து நின்றன. இன்று மத்தியானம் சரியாகிவிட்டது. சின்னச் சின்னப் பெட்டிகளாக பஸ்ஸும் ஆட்டோவும் வரிசை கட்டி நிற்கின்றன, பச்சை விழுந்ததும் நகர்கின்றன. நான் எண்ணிய கணக்குக்கும் அது காட்டும் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் வீட்டுக்காரர் சுதாகருக்கு போன் செய்தேன். கப்பலில் எஞ்சின் அறையிலிருந்து வெளியே வந்து பேசினார். "அப்போ இனிமே நீ பச்சை காட்டினாத்தான் நான் வீட்டுக்கே வர முடியுமா?" என்றார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

ஜூன் 20

நடப்பவர்களுக்கு இருபது நொடி கொடுத்தால் வண்டி வரிசை நூற்று நாற்பது மீட்டர் நீள்கிறது. பத்து நொடி ஆக்கினால் அறுபது மீட்டர்தான்.

யோசித்துப் பார்த்தேன். மணிக்கு முந்நூறு பேர் கடக்கிறார்கள். நிமிடத்துக்கு ஐந்து பேர். சாலை பன்னிரண்டு மீட்டர், நொடிக்கு 1.2 மீட்டர் நடை, ஆக பத்து நொடி போதும். ஐந்து பேருக்கு இருபது நொடி எதற்கு?

இ.இ. சாரிடம் காட்டினேன். அறுபது என்ற எண்ணைத் தொட்டுக்காட்டி, "இதுதான் வேணும் நளினி, இதை முதல் பக்கத்துல போடுங்க" என்றார். அவர் எக்சிகியூட்டிவ் இன்ஜினியர், நான் ஒப்பந்த வேலைக்காரி. நான்கு வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஜூலை 14, திங்கள்

சிக்னல் எரிந்தது. ரிப்பன், லட்டு, போட்டோ. போட்டோவில் நான் கடைசி வரிசை. லெட்டர்பேடில் ஊரின் புதுப்பெயரை, ஸ்ரீ விஜயபுரம் என்று அச்சடித்திருக்கிறார்கள். மைக்கில் பேசியவர் மூன்று தடவை போர்ட் பிளேர் என்றே சொன்னார்.

ஜூலை 18

எரிச்சலாக இருக்கிறது.

நான்கு நாள் டேட்டாவும் கோணல்மாணல். போய்ப் பார்த்தால், எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து போட் வந்து சேரும்போதெல்லாம் சௌமியா பெட்டியைத் திறந்து சிக்னலைக் கைக்கு மாற்றுகிறாள். எல்லா வண்டியையும் நிறுத்தி, கூட்டம் முழுக்கக் கடந்த பிறகுதான் விடுகிறாள்.

"யார் சொல்லி மாத்தறே?"

"யாரும் சொல்லல மேடம். உங்க மிஷினுக்கு போட் வர்றது தெரியாது. எனக்கு ஹார்ன் கேக்கும்."

"நீ தொட்டுத் தொட்டு மாத்தினா இது வேலை செய்யுதா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அப்போ நீங்க வந்து நில்லுங்க மேடம். எட்டு பத்துக்கு வர்ற போட்டுக்கு ஒரு நாள் நின்னு பாருங்க."

எல்லோர் முன்னாலும் சொன்னாள். நான் எண்ணிய நாட்களில் நிற்காமலா எண்ணினேன்? ஆனால் வண்டியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸுக்கு வந்ததும் கடிதம் அடித்தேன். சோதனைக் காலம் முடியும்வரை சிக்னலை யாரும் கையால் இயக்கக்கூடாது, வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தவும் கூடாது. சார் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 21

கடிதம் போய்விட்டது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

ஜூலை 26

அறுபது மீட்டர்! ஐந்து நாள் சராசரி அறுபத்திரண்டு. மாடல் சொன்னபடியே.

ஜூலை 30, புதன்

ஜெட்டியில் ஆக்ஸிடென்ட்.

காலை எட்டு பத்து போட்டில் வந்த ஒரு அம்மா. பேச்சியம்மா, பாம்பூஃப்ளாட்காரி, இங்கே ஒரு ஹாஸ்டலில் சமையல். நடுரோட்டில் நிற்கும்போது சிக்னல் மாறிவிட்டது. பிக்அப் வண்டி தட்டியிருக்கிறது. இடது தொடை எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை.

ஆபீஸில் யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ரோட்டில் தூக்குச்சட்டி மூடி ஒன்று கிடந்தது. பச்சை, சிவப்பு, பச்சை — அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து நொடி. நான் வெச்ச பத்து நொடி. ஐயோ, நான்தானே வெச்சேன்.

ஜூலை 31

சௌமியாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். பணியில் கவனக்குறைவு. முதல் குறிப்பில் அந்த ஒரு வரிதான். விசாரணை பதினொன்றாம் தேதி.

சிக்னலை மஞ்சளில் மினுக்கவிட்டு, வேறு ஒருவரை நிற்க வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 2

ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரென்று சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நன்றாகப் பேசினாள்.

"பச்சப் பொம்ம எரிஞ்சிச்சு, நான் எறங்குனேன். முன்னால அம்புட்டுக் கூட்டம் தாயி, வேகமா எப்படிப் போவ? பாதி போறதுக்குள்ள செவப்பாயிட்டு. முன்னால போவவா, திரும்பிப் போவவான்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன். என் தப்புதான்."

என் தப்புதான் என்கிறாள்! ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். அதில் ஒன்றை உரித்து எனக்கே கொடுத்தாள். வாங்கித் தின்றேன். எப்படித் தின்றேன்?

ஆகஸ்ட் 5

இரண்டு நாளாக கேமரா பதிவை நிமிடம் நிமிடமாகப் பார்க்கிறேன். வண்டிகளை விட்டுவிட்டேன். ஆட்களை மட்டும் எண்ணினேன்.

எட்டு பத்து போட்டிலிருந்து நான்கு நிமிடத்தில் நூற்று அறுபத்தொரு பேர். அதன்பிறகு இருபது நிமிடம் சாலையில் அனேகமாக ஆளே இல்லை. பிறகு அடுத்த போட்.

மணிக்கு முந்நூறு பேர் என்பது சரிதான். நிமிடத்துக்கு ஐந்து பேர் என்பதுதான் இல்லை. அப்படி ஒரு நிமிடம் இந்த சந்திப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. நான் காகிதத்தில் வகுத்து உண்டாக்கிய நிமிடம் அது.

போட் நேரத்தை மாடலில் சேர்த்து ஓட்டினேன். பச்சை விழுகிறது. முன்வரிசை இறங்குகிறது. பின்னால் இருப்பவர்கள் நகரத் தொடங்கவே ஆறேழு நொடி ஆகிறது. பத்தாவது நொடியில் இருபது இருபத்தைந்து புள்ளிகள் நடுச்சாலையில் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும். முப்பது தடவை ஓட்டினேன். முப்பது தடவையும்.

ஆகஸ்ட் 6

சௌமியா கையால் இயக்கிய நான்கு நாள் பதிவையும் பார்த்தேன். கோணல்மாணல் என்று நான் தூக்கிப்போட்டது. நடுவில் ஒருவர்கூட மாட்டவில்லை. வண்டி வரிசை எழுபத்தைந்து மீட்டர். என் அறுபதை விடப் பதினைந்து மீட்டர் கூட. மூன்று ஜீப் நீளம். அதுவும் ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடுகிறது.

மூன்று ஜீப்.

ஆகஸ்ட் 8

சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"விசாரணையில இதை யாரும் கேக்கலையே."

"பழி சௌமியா மேல போகுது சார்."

"ஹோம்கார்டுதானே, கொஞ்ச நாள்ல வேற டியூட்டி கொடுப்பாங்க. உங்க கான்ட்ராக்ட் செப்டம்பரோட முடியுது. புதுப்பிக்கற ஃபைல் என் மேஜைலதான் இருக்கு. நான் மிரட்டல, நளினி. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

மிரட்டவில்லை என்பது உண்மைதான். அவர் முகத்திலும் பயம் இருந்தது. கடிதத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து.

ஆகஸ்ட் 9

சுதாகரிடம் சொன்னேன். கப்பலில் கேம்ப்பெல் பே தீவுப் பக்கம் இருக்கிறார், லைன் விட்டுவிட்டு வந்தது. "உனக்கும் சாருக்கும் அந்தப் பொண்ணுக்கும் கெட்ட பேரு வர்ற மாதிரி எழுதாம, மாடல்ல ஒரு சின்னத் திருத்தம்னு போட முடியாதா?" என்றார். நானும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விதமாக எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. படிக்கிறவர்களுக்கு யார் மேல் தப்பு என்றே தெரியாது.

"என்ன ஆச்சு, இருக்கியா?" என்றார். இருக்கிறேன் என்றேன். அப்படி எழுத மாட்டேன் என்றும் சொன்னேன். பிறகு, "சரி, எழுதறதை எழுது. கப்பல் சம்பளம் இருக்கு, பாத்துக்கலாம்" என்றார். லைன் போய்விட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

விசாரணை. நீள மேஜை, மூன்று அதிகாரிகள். சௌமியா யூனிஃபார்ம் இல்லாமல் மஞ்சள் சுடிதாரில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எழுதி எடுத்துப் போனதைப் படித்தேன். நடப்பவர்களின் நேரத்தைப் பத்து நொடியாகக் குறைத்தது நான். போட் வரும் நேரங்களைக் கணக்கில் எடுக்கத் தவறியது நான். களத்தில் நின்றவர் எச்சரித்தும் கேட்காமல், கையால் இயக்கத் தடை கேட்டுக் கடிதம் தயாரித்ததும் நான்.

ஒரு அதிகாரி ஹிந்தியில் கேட்டார்: அப்படியானால் அன்று இந்தப் பெண் வேறு என்ன செய்திருக்க முடியும்?

"ஒன்றும் செய்திருக்க முடியாது" என்றேன். "பெட்டியைப் பூட்டச் சொன்னது நாங்கள்தான்."

சௌமியா அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு. வெளியே வந்தபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ரெஹனே தீஜியே மேடம்" என்று கையை ஆட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். இருக்கட்டும் என்கிறாளா? விடுங்கள் என்கிறாளா?

ஆகஸ்ட் 12

பேச்சியம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் என் தப்பு, என் தப்பு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தாங்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அப்ப அந்தப் புள்ள வண்டிய நிப்பாட்டுனதுதான் சரியா?"

"சரிதான்."

"பொறவு எதுக்குத் தடுத்த?"

வரிசை நீளம், சராசரி என்று அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று எதைச் சொல்வது?

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "போ தாயி. இப்பப் போ."

ஆகஸ்ட் 13

லீவு. சமைக்கவில்லை.

செப்டம்பர் 4

சௌமியாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே சந்திப்பு. நான் கொடுத்த புதுத் திட்டமும் ஒப்புதலாகி வந்துவிட்டது. சாதாரண நேரத்தில் நடப்பவர்களுக்கு இருபது நொடி, வரிசை நீண்டால் நீளட்டும். போட் வந்தால் அங்கே நிற்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் முப்பத்தைந்து. அதுவும் போதாவிட்டால் அவர் விருப்பம். முப்பத்தைந்து என்ற எண் அவளைக் கேட்டுத்தான் போட்டேன். முப்பது என்றேன். "முப்பத்தஞ்சு. குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க, மூட்டை தூக்கிட்டு வர்றாங்க" என்றாள். போகும்போது, "சாய் பியெங்கே மேடம்?" என்றாள். டீ குடித்தேன்.

செப்டம்பர் 30

புதுப்பிக்கவில்லை. "வேலை அளவு குறைந்ததால்" என்று இருக்கிறது. சார் லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினார். கம்ப்யூட்டரைத் துடைத்துக் கொடுத்தேன். மாடல் அவர்களிடமே இருக்கிறது.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோ பிடிக்காமல் நடந்தே வந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

அக்டோபர் 22

மூன்று இடத்தில் விண்ணப்பம். மத்திய அந்தமானில் ரங்கத் ஊரில் சாலை வேலை எடுத்திருக்கும் ஒரு கான்ட்ராக்டர் மட்டும் பேசினார். தளத்தில் நிற்க ஆள் வேண்டுமாம்.

நவம்பர் 20

பேச்சியம்மா போன் செய்தாள்! என் நம்பரை சௌமியாவிடம் வாங்கியிருக்கிறாள்.

"திங்கக்கெழம வேலைக்குப் போறேன். ஹாஸ்டல்ல கூப்புடுறாவ. போட்டு ஏற பயமில்ல, அந்த ரோட்டுக்குத்தான் பயமாருக்கு. நீ வந்து கூட்டிட்டுப் போவியா?"

வருகிறேன் என்றேன். என்னை எதற்குக் கூப்பிடுகிறாள்? அவளுக்குத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த போட்டில் வருகிறார்களே.

நவம்பர் 24, திங்கள்

காலை முதல் போட்டில் பாம்பூஃப்ளாட் போய் அவளை அழைத்துக்கொண்டு, எட்டு பத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜெட்டியிலிருந்து மேலே வருவதற்குள் எல்லோரும் எங்களை முந்திப் போய்விட்டார்கள். நாங்கள்தான் கடைசி.

சௌமியா பொத்தானை அழுத்திவிட்டு நடுவில் வந்து கையை நீட்டி நின்றாள். கூட்டம் கடந்தது. முப்பத்தைந்து நொடி முடிந்தபோது நாங்கள் பாதிதான் வந்திருந்தோம். பேச்சியம்மா சட்டென்று நின்றுவிட்டாள். அதே இடமா, பக்கத்திலா, எனக்குத் தெரியவில்லை. பஸ்காரன் ஹார்ன் அடித்தான். சௌமியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீட்டிய கையை இறக்கவுமில்லை. எங்களையும் அவசரப்படுத்தவில்லை. வரிசை பின்னால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்கு எண்ணத் தோன்றவே இல்லை.

"நடப்போமா?" என்றேன்.

"நட."

அந்தப் பக்கம் ஏறியதும் என் மணிக்கட்டை விட்டாள். விரல் பதிந்த தடம் சிவந்திருந்தது. அவளே அதைத் தேய்த்துவிட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சாயந்தரம் நானே வந்துக்கிடுவேன். நீ வரண்டாம்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் ஹாஸ்டல் பக்கம் நடந்தாள்.

வியாழக்கிழமை ரங்கத் பஸ், புது வேலைக்கு. விடியுமுன் கிளம்ப வேண்டும். இன்னும் பெட்டி கட்டவில்லை.