தாளத்துக்குப் பிந்தியவள்

எடியே,

இன்று காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. நானே குனிந்து மாட்டினேன். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவியும் மணம் போகவில்லை. முதல் பாடம் சின்னப் பிள்ளைகளுக்கு. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு மூக்கைத் துடைக்கப் போனால் கையில் அந்த மணம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "டீச்சருக்குத் தடிமன்" என்று ஒருத்தி சொன்னாள். ஓம் என்று தலையாட்டி வைத்தேன்.

உனக்குத் தெரியாத மணமா அது? ஒட்டுசுட்டானில் உங்கள் வீட்டு முற்றத்தில் உன் அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெட் கேட்ட ஆட்கள் நாங்கள். சண்டைக் காலம், கரண்ட் இல்லை, பற்றரியை ஆமிக்காரர் வன்னிக்குள் விடமாட்டார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் பாட்டுக் கேட்டது. மற்ற முற்றங்களில் சினிமாப் பாட்டு. உங்கள் முற்றத்தில் மட்டும் இங்கிலீஷ் ஜாஸ். உன் அப்பா மலையகத்தில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் குசினியில் சமைத்தவர். துரை நாட்டை விட்டுப் போகும்போது கொடுத்த கசெட்டுகளைக் கலவரத்தில் ஓடிவந்தபோதும் அவர் விட்டுவிட்டு வரவில்லை. சட்டிபானையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வன்னிக்கு வந்துவிட்டார்.

நீ பாடிப் பழகுவாய், நான் பெடல் சுற்றுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வயல் காணிக்கு வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை நான். சங்கீத வகுப்புக்கு வேறு போனேனா, கொஞ்சம் தலைக்கனம். "இதென்னடி பாட்டு, பல்லுக் கொதியில முனகிற மாதிரி?" என்பேன். "நீ சுத்துடி, கதைக்காத" என்பாய். எங்களோடு இருந்து இருந்து, 'பேசாத' என்பதற்கு எங்கள் 'கதைக்காத' உனக்கு வந்துவிட்டது. ஆனால் கடைசி வரைக்கும் 'ஓம்' வரவில்லை, 'ஆமா'தான்.

சரி, அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது உன் டெமோவைப் பற்றி.

திருகோணமலைக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமைகளில் பழைய ஜாஸ் பாட ஆள் தேடுகிறார்கள், நாலு பாட்டு பதிவு செய்து அனுப்பச் சொல்கிறார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், வகுப்புக்குப் போகும் பெட்டை மாதிரி நின்றாய். அதுவரைக்கும் உன் பாட்டுக்குக் கிடைத்த மேடை எல்லாம் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவரின் பிரியாவிடை விருந்துதான். நீ உருகி உருகிப் பாடுவாய், சனம் பேஸ்ட்ரி கடித்துக்கொண்டு நிற்கும். முடிந்ததும் ஒருவர் வந்து, "டீச்சர், உங்கட இங்கிலீஷ் உச்சரிப்பு நல்ல கிளியர்" என்பார். நீயும் சிரித்துக்கொண்டு நன்றி சொல்வாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"பாட்டுக் கேக்கவே வந்து உக்காந்திருக்கிற ஆளுங்களுக்கு முன்னால ஒரு தடவையாவது பாடணும்டி" என்று அன்றைக்குச் சொன்னாய். உனக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

வவுனியாவில், கலியாண வீடியோக் கடைக்குப் பின்னால், சுவரெல்லாம் முட்டை மட்டை ஒட்டிய அறையில் பதிந்தாய். பின்னணி வாத்தியம் ஏற்கெனவே பதிவாகிக் கிடைப்பது, அதற்கு மேல் உன் குரல். கடைக்காரர் பாவம், நல்ல மனுசன். "அக்கா, நீங்கள் வரி முடியிற இடத்தில எல்லாம் பிந்திப் பிந்தி வாறியள். மியூசிக் போயிடுது. நான் கொம்பியூட்டரில இழுத்துச் சரிக்கட்டி விடுறன்" என்று திருத்தியும் ஒன்று தந்தார். ஆக, நீ பாடியபடியே ஒன்று, திருத்தினது ஒன்று. இரண்டையும் என் போனுக்கு அனுப்பிவிட்டு, ஓமந்தையிலிருந்து பஸ் ஏறி, சனிக்கிழமை காலை என் குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாய்.

"எது அனுப்பட்டும்? குறையை மட்டும் சொல்லு. பாராட்டெல்லாம் வீட்டுக்காரர் சொல்லிட்டார்."

நான் யார்? சங்கீத டீச்சர். பயறு வறுத்த கையைத் துடைத்துவிட்டு, தொடையில் தாளம் போட்டுக் கேட்டேன். முதல் பாட்டிலேயே என் கை அடுத்த தட்டுக்கு வந்துவிட்டது, நீ இன்னும் வரவில்லை. இரண்டாவது வரியிலும் அப்படி. கடைசிச் சொல்லை இழுத்துத் தொய்ய விடுகிறாய், பிறகு ஓடிவந்து பிடிக்கிறாய். "சுருதி சுத்தம். தாளம் லீவில போட்டுது" என்றேன். நீ சிரித்தாய். மூன்றாவது பாட்டும் அதே மாதிரி. பாட்டு வேறு, மெட்டு வேறு, தொய்கிற விதம் மட்டும் ஒன்று. எங்கேயோ கேட்ட தொய்வு. எனக்குத் தொடையில் கை அப்படியே நின்றுவிட்டது.

நான்தான் அது! அன்றைக்கு உங்கள் முற்றத்தில், வரியின் கடைசியில் கசெட்டில் பாடுகிறவள் ஒரு சொல்லை நீட்டுவாள். பல்லுக் கொதி என்று நக்கலடித்த நான் அந்த இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவேன். கை சோர்ந்துபோகும். பெடல் மெதுவாகும், டைனமோ மெதுவாகும், பாட்டு தொய்ந்து இறங்கும். நீ முதுகில் ஒன்று போடுவாய். நான் பதறிச் சுற்ற, பாட்டு ஓடிவந்து சேரும். நீ அதையும் சேர்த்தல்லவா பாடமாக்கி வைத்திருக்கிறாய்!

"எடி விசரி, இது பாட்டில இல்லை. இது என்ர கை" என்றேன்.

"ஆமா, தெரியும்" என்றாய் நீ, தேத்தண்ணியை ஊதிக்கொண்டு. "போன்ல அசல் பாட்டுக் கேட்டேன். அவங்க என்னத்துக்கோ அவசரப்படுறாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனால் நீ கேட்டது என் அபிப்பிராயத்தை. உன் ஆசை அந்த நாலு பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பாசத்துக்காக ஒன்றைச் சொல்லி உனக்கு வந்த வாய்ப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "திருத்தினதை அனுப்பு" என்றேன். "ஆரின்ர கை சோர்ந்தது எண்டு ஹோட்டல்காரனுக்குத் தெரியுமே? அவன் தாளம் தெரியாத மனுசி எண்டுதான் நினைப்பான்." நீ தேத்தண்ணியைக் குடித்து முடித்தாய். பிறகு, "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பயத்தம் உருண்டை பிடிக்க உதவி செய்தாய்.

வேலை கிடைத்தது. சனி மத்தியானம் பஸ் ஏறுவாய், ஞாயிறு காலை திரும்பி வருவாய். வந்ததும் எனக்குத்தான் போன். யார் வந்தார்கள், எந்தப் பாட்டுக்குச் சத்தம் போடாமல் இருந்தார்கள், முன் மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், எல்லாம் சொல்வாய். நான் சும்மா விடுவேனா? "பாத்தியே, என்ர சொல்லைக் கேட்டதாலதான் உனக்கு இந்த வாழ்வு" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லிக் காட்டினேன். "ஆமாடி, ஒனக்குக் கோயில் கட்டுறேன்" என்பாய். எவ்வளவு பெருமை எனக்கு! ஸ்டாஃப் ரூமில் எல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்று கதிரையில் இருந்தாய், பிறகு எழும்பவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் ஏலாது.

உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் பியானோ வாசிக்கிறவர் வந்திருந்தார். திருகோணமலைப் பறங்கியர், தலை நரைத்தவர், நல்ல தமிழ். உன் வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "இவாதான் சங்கீத டீச்சர்" என்றார். நான் பந்தலில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, எனக்குத் தெரிந்த ஒரே பெருமையைச் சொன்னேன். "டெமோவில அவா கொஞ்சம் பிந்தினவா. நான்தான் திருத்தினதை அனுப்பச் சொன்னனான்."

மனுசன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"திருத்தினதோ? இல்லையே. எங்களுக்கு வந்தது பிந்திப் பாடினதுதான். அதைக் கேட்டுத்தான் நான் மனேச்சரிட்ட இந்த மிஸ்ஸை விடவேண்டாம் எண்டு சொன்னனான். அப்படிப் பாடுற ஆளை நான் கண்டதில்லை."

என் கையில் சோற்றுக் கரண்டி அப்படியே நின்றது. அவர் தொடர்ந்தார்.

"முதல் நாள் பழகேக்க கேட்டனான், ஏன் மிஸ் அந்த இடத்தில நிக்கிறீங்கள் எண்டு. 'அங்க என் கூட்டாளி பாட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கிறா, அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் அடுத்த வரிக்கு வரணும்' எண்டா. பகிடிக்குச் சொல்லுறா எண்டு நினைச்சன். ஆனா ஒரு நாளும் விட்டிட்டு வரேல்லை."

அந்தப் பந்தலில், அத்தனை சனத்துக்கு நடுவில், நான் குரல் எடுத்து அழுதேன். உன் வீட்டுக்காரர் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

கள்ளி! எத்தனை ஞாயிறு என்னைப் பெருமையடிக்க விட்டு மறுமுனையில் சிரித்துக்கொண்டிருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, நான் கோபித்துக்கொண்டா போயிருப்பேன்? கோபித்திருப்பேன்தான். இரண்டு நாள் போன் எடுத்திருக்க மாட்டேன். அது தெரிந்துதானே நீ சொல்லவில்லை. உன்னைத் திருத்தி அனுப்பச் சொன்ன என்னையே, நீ சனிக்கிழமைதோறும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

திருத்தின பாட்டுகளை என் போனில் இருந்து அழித்துவிட்டேன். மற்றதைச் சமைக்கும்போது போட்டுக் கேட்கிறேன். இப்போது தாளம் போடுவதில்லை. வரி முடிகிற இடத்தில் வாத்தியம் தன் பாட்டில் போய்விடுகிறது, உன்னைக் காணவில்லை. அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டுக் காத்து நிற்கிறேன். பிந்தித்தான் வருகிறாய், ஆனால் வருகிறாய்.