எண்ணெய் ஏறிய கிண்ணம்

தண்ணீர்ச் சோதனையை நிறுத்திவிட்டார்கள், மேடம். இடுப்பு மூட்டில் பொருத்தும் கிண்ணங்களைப் பழைய காற்றுக் கம்ப்ரசரால் ஊதி, உறைபோட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நேற்று பட்டறையில் ஓர் இடுப்புக் கிண்ணத்தை முகர்ந்தேன். எண்ணெய் வாடை. நீங்கள் பட்டறையை விட்டுப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நீங்கள் காலேஜில் உலோகப் பாடம் நடத்தியவர். நான் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக் கம்ப்ரசர்களைப் பிரித்து மாட்டிய ஃபிட்டர். டைட்டானியம் பொடியை லேசரில் உருக்கி, எலும்பு உள்ளே புகுந்து பிடிக்கும்படி நுண்துளைகளோடு கிண்ணம் செய்யலாம் என்றீர்கள். துளை சிறுத்தால் எலும்பு நுழையாது. பெருத்தால் கிண்ணம் தாங்காது. கம்ப்யூட்டரில் வரைய நானே கற்றுக்கொண்டேன். எத்தனையோ வரைவுகளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் தலையாட்டினீர்கள்.

முதல் கிண்ணங்களைக் கெடுத்தவனும் நான்தான். துளைகளில் தங்கிய பொடியை, போர்வெல் குழியைச் சுத்தம் செய்வதுபோலக் காற்றடித்து வெளியேற்றினேன். பளிச்சென்று இருந்தன. நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டீர்கள். உள்ளே இறங்காமல் உருண்டு நின்றது.

"ஏனுங்கண்ணா, எதுல ஊதுனீங்க?"

"நம்ம கம்ப்ரசர்லதானுங்க."

"அதுல எண்ணெயும் சேந்து வருமுங்களே! தண்ணியே இறங்கல, எலும்பு எப்படிங்க இறங்கும்? இது போர்க்குழி இல்லீங்க, ஒருத்தரோட இடுப்பு."

அத்தனையையும் ஒதுக்கினோம். அன்றுமுதல் கழுவி உலர்த்திய ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, மறுபடி உலர்த்தித்தான் அனுப்பினோம்.

நேற்று இதைச் சொன்னதற்குப் புது மேனேஜர் சிரித்தார். "பெரியவரே, சர்டிபிகேட் எல்லாம் இருக்குதுங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

நான் படித்ததை விடுங்கள். வியாழக்கிழமை என் தங்கைக்கு இடுப்பு ஆபரேஷன். எங்கள் பட்டறைக் கிண்ணம்தான் வைக்க வேண்டுமென்று டாக்டரிடம் அடம்பிடித்தவன் நான். ஒட்டாத கிண்ணம் உள்ளே ஆடும். மறுபடி அறுக்க வேண்டிவரும். இந்த வயதில் இரண்டாவது ஆபரேஷனை அவள் தாங்குவாளா?

போன கிண்ணங்களை மேனேஜர் திருப்பி எடுக்க வேண்டும். கழுவும் அறையிலிருந்து அந்தக் கம்ப்ரசர் குழாயை முதலாளி கழற்றியெறிய வேண்டும். மறுத்தால் நான் கழற்றுவேன். எப்படிக் கழுவினார்கள் என்று எழுதி வாங்காமல் டாக்டர் கத்தியைத் தொடக்கூடாது. ஆபரேஷனைத் தள்ளிவைத்து, தங்கை இன்னும் சில வாரம் வலி பொறுக்க வேண்டும். அதை அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும், "தீபாவளிக்கு நடந்துருவனாண்ணா?" என்று தினமும் கேட்கிறவளிடம்.