இரண்டாவது சாவி

ஏப்ரல் 3, 2014

பனி விட்டபின் வந்த முதல் ஆட்கள். பெல்ஜியத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும். "கோட்டைத் தேவாலயத்தின் சாவி இந்த வீட்டில்" என்று வாசற்கதவில் நான் மாட்டியிருக்கும் அட்டையைப் படித்துவிட்டுத் தட்டினார்கள். இருவருக்கும் ஜெர்மன் தெரிந்திருந்தது. மதில், பீடம், கடைசியில் கொழுப்புக் கோபுரம். எங்கள் சாக்சன் ஆட்கள், அதாவது இங்கே குடியேறிய ஜெர்மன்காரர்கள், உப்பிட்ட பன்றிக்கொழுப்பை வீட்டுக்கு ஒரு கொக்கியில் தொங்கவிட்ட இடம் அது. ஞாயிறு காலை மட்டும்தான் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய பக்கத்தில் வீட்டு முத்திரையைக் குத்திவிட்டுப் போக வேண்டும். வேறு யாராவது கைவைத்தால் தெரிந்துவிடும்.

"ஒருத்தர் மேல ஒருத்தருக்கு அவ்வளவு நம்பிக்கையில்லையா?" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

"நம்பிக்கையும் இருந்தது. முத்திரையும் இருந்தது."

இப்போது ஊரில் எத்தனை சாக்சன்கள் என்று கேட்டாள். ஒன்று என்றேன். இரண்டு பேர்தான். இன்னொருவரை நான் சேர்ப்பதில்லை.

ஏப்ரல் 4

யாரும் இல்லை.

ஏப்ரல் 9

கடைக்கார லக்ரமியோரா எருமைப்பால் கொண்டுவந்தாள். "பாத்திரத்தை அங்கே வை" என்றேன். ஆறு நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

ஏப்ரல் 14

நகரத்துத் திருச்சபை அலுவலகத்திலிருந்து கடிதம். "மலைநாட்டில் பார்க்க வேண்டிய முப்பது இடங்கள்" என்று ஒரு கையேடு போடுகிறார்களாம். நெடுஞ்சாலையில் பலகையும் வைப்பார்களாம். நம் தேவாலயம் இருபத்தேழாவது இடம். நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை. போன ஆகஸ்டில் நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து, தட்டிப் பார்த்துத் திரும்பிப் போய்ப் புகார் எழுதிவிட்டார்கள். அதனால் இனிமேல் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், இருவரும் சபை உறுப்பினர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எண் பூட்டு. வருகிறவர்கள் கைபேசியில் எண்ணை வாங்கித் தாங்களே திறந்துகொள்வார்கள். உள்ளே ஒரு பெட்டி விளக்கம் சொல்லும்.

பெட்டி! நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பழைய எழுத்தை நானே கற்று, முந்நூறு வருஷத்துச் சபைப் புத்தகங்களை நானே படித்தேன். இருபத்துமூன்று வருஷமாக இந்தச் சாவி என் மேலங்கிப் பையில். ஒரு நாள் கூட யாரும் நன்றி என்று கடிதம் போடவில்லை. புகாருக்கு மட்டும் தபால்தலை கிடைக்கிறது.

உண்மையை எழுதுகிறேன், படிக்க யாருமில்லையே. எண் பூட்டு வந்தால் என் கதவை ஒருவரும் தட்ட மாட்டார்கள்.

ஏப்ரல் 15

லக்ரமியோராவிடம் சொன்னேன்.

"எங்கிட்ட ஒண்ணு குடுங்க அத்தை, கடையில மாட்டி வைக்கிறேன்."

"நீ ஆர்த்தடாக்ஸ். எங்கள் சபை ஆளில்லை."

"அப்போ பன்னெண்டாம் நம்பர் வீட்டு ஆளக் கேளுங்க."

"அந்தப் பேரை என் சமையலறையில் சொல்லாதே."

"நான் எங்க பேரச் சொன்னேன், அத்தை? நம்பரத்தான் சொன்னேன்."

ஏப்ரல் 16

எழுதி வைக்கிறேன். நான் மன்னித்துவிட்டதாகப் பிற்பாடு யாரும் சொல்லக் கூடாது.

2003 ஜனவரி. என் கணவர் மார்ட்டின் இறந்தார். எங்கள் தெருச் சங்கத்தில் ஒரு சாவு விழுந்தால் சங்கத்து ஆண்கள் தங்கள் கையால் குழி வெட்ட வேண்டும். கூலிக்கு ஆள் வைப்பது அவமானம். மார்ட்டின் நாற்பத்தொரு குழி வெட்டியவர். 1990இல் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். சங்கத்தில் மிஞ்சிய ஒரே ஆண் பன்னிரண்டாம் எண் வீட்டு ஆண்ட்ரெயாஸ் டெப்னர். அவர் என்ன செய்தார்? சாக்கடை தோண்டுகிற மஞ்சள் இயந்திரத்தை வரவழைத்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் அது உறுமிக்கொண்டு போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தண்ணீர்க் குழாயைப் புதைப்பது போல என் மார்ட்டினைப் புதைத்தார்கள்.

பதினோரு வருஷமாக அவரிடம் நான் பேசவில்லை. பேசவும் மாட்டேன்.

மே 8

அலுவலகத்திலிருந்து உல்ரிக்கே என்ற பெண்ணும் பூட்டுக்காரன் ஒருவனும் வந்தார்கள். அவன் அளவு நாடாவை எடுத்தான். நான் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டேன்.

"கொஞ்சம் நகருங்கம்மா, கதவை அளக்கணும்."

"என்னையும் சேர்த்து அள."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்தான், அதுதான் தொந்தரவு. கத்தினால் திருப்பிக் கத்தலாம். "நீங்க தனியா கஷ்டப்பட வேண்டாம்னுதான்மா" என்கிறாள். கஷ்டப்படுகிறேன் என்று இவளிடம் யார் சொன்னது?

ஜூன் 30 வரை தவணை. இரண்டாவது ஆள் கையெழுத்துப் போட்டால் பூட்டு வராது.

மே 19

மழை. யாரும் இல்லை. ஜெர்மனியிலிருந்து மகள் தொலைபேசியில் வழக்கம்போல், இங்கே வந்துவிடு என்றாள். அங்கே எட்டாவது மாடி. எட்டாவது மாடியில் யார் வந்து தட்டுவார்கள்?

மே 31

இரண்டு நாளாக ஒரு யோசனை. அவரிடம் பேச மாட்டேன். கெஞ்சவும் மாட்டேன். ஆனால் விதிப்புத்தகம் வைத்த சங்கப் பெட்டி என்னிடம் இருக்கிறது. அதற்குள் அறிவிப்புப் பலகையும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சங்கத் தலைவர் அதில் சேதி எழுதி முதல் வீட்டில் கொடுப்பார். படித்தவர் உடனே அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். பலகை வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. யார் வீட்டிலும் அது இரவு தங்கக் கூடாது. தங்கினால் அபராதம். ஒரு சுற்று முடிந்து தலைவர் வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

இப்போது சுற்று என்றால் என் நாற்பத்துமூன்றாம் எண்ணிலிருந்து அவருடைய பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து நாற்பத்துமூன்று.

ஜூன் 2

காலையில் பலகையை அவர் வாசற்கதவில் மாட்டினேன். சாக்பீஸில் எழுதியிருந்தேன்: "சங்க உறுப்பினர் ஆ. டெப்னர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தேவாலயச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும்." இது வேண்டுகோள் இல்லை, உத்தரவு.

மாலையில் திரும்பி வந்தது. "பெண்கள் தலைவராக முடியாது."

ஜூன் 3

நான்: "எந்த விதி? எண்ணைக் குறிப்பிடவும்."

அவர்: "விதிப்புத்தகத்தை நீ வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறாய்."

ஜூன் 4

நான்: "முழுதும் படித்தேன். அப்படி ஒரு விதி இல்லை."

அவர்: "முழங்கால் வலி. தேவாலயப் படி ஏற முடியாது."

ஜூன் 5

நான்: "மூன்று நாளாக என் வாசல் வரை நடந்த முழங்கால் படியும் ஏறும்."

அவர்: "உன் செர்ரிப் பழத்தைப் பறவைகள் தின்கின்றன. வலை போடு."

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்கெல்லாம் பதில் எழுத முடியாது. வலை போட்டேன்.

ஜூன் 9

காலையில் சாவியைப் பற்றி மறுபடி எழுதி மாட்டிய பலகை இன்னும் திரும்பி வரவில்லை. ஐந்து மணி, ஆறு மணி. ஏழு மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. விதி என்றால் விதி. அபராதம் போட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். கிளம்பியவள் ஏன் அப்படி ஓடினேன்? எழுபத்தொன்பது வயதில்?

அவர் தன் வாசலில் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாக்பீஸ் தீந்துபோச்சு" என்றார்.

"லக்ரமியோரா கடையில வாங்க வேண்டியதுதானே!"

"இன்னைக்கு திங்கள். அவ சந்தைக்குப் போயிட்டா."

"ஒரு கரித்துண்டு கூடவா வீட்டுல இல்ல?"

அப்புறம்தான் உறைத்தது, பேசிவிட்டேன். பதினோரு வருஷத்து முதல் வார்த்தை சாக்பீஸைப் பற்றி. வெட்கக்கேடு.

ஜூன் 27

டெப்னர் கையெழுத்துப் போட்டு இரண்டாவது சாவியை வாங்கிக்கொண்டார். லக்ரமியோரா சாட்சி. "கல்யாணம் மாதிரி இருக்கு" என்றாள். இருவருமே அவளை முறைத்தோம்.

ஜூலை 21

கையேடு வந்துவிட்டது, நெடுஞ்சாலையில் பலகையும் வைத்துவிட்டார்கள். இந்த மாதம் நூற்றுக்கு மேல் ஆட்கள். என் கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர்.

அவர் வீடு சாலை ஓரத்தில். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பியதும் முதலில் கண்ணில் படுவது பன்னிரண்டுதான். என் முறை வாரத்திலும் ஆட்கள் அங்கேதான் போகிறார்கள். "முறை தெரியும்தான், வாசல்ல வந்து நிக்கிறவங்களத் துரத்தவா சொல்ற?" என்கிறார்.

எண் பூட்டை விரட்ட நான் பட்ட பாடு! அதைப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஜூலை 30

லக்ரமியோரா சொன்னாள், வடக்கு மதிலில் இருக்கிற ஓட்டையைத் துருக்கியரின் பீரங்கிக் குண்டு என்று அவர் காட்டுகிறாராம். ஆட்கள் அதைத் தடவிப் பார்த்துப் படம் எடுக்கிறார்களாம்.

அவர் வாரம்தான். ஆனாலும் போனேன். முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். குண்டு பறந்து வரும் இடம் வந்தது. எழுந்தேன்.

"அது குண்டு இல்லை. 1951இல் கூட்டுப்பண்ணை டிராக்டர் பின்னால் வந்து இடித்தது. ஓட்டியவர் இவருடைய சித்தப்பா."

"குடிச்சிருக்கல!" என்று கத்தினார் டெப்னர்.

"குடிச்சிருந்தார்னு நான் சொல்லவே இல்லையே."

ஆஸ்திரியக்காரர்கள் பத்துப் பேர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் வழி நெடுக எங்களிடம் அடுத்த சண்டை எப்போது என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 17

தினமும் போகிறேன். போகாவிட்டால் அந்த மனிதர் என்னவெல்லாம் சொல்லி வைப்பாரோ.

நவம்பர் 6

பருவம் முடிந்தது. மதில் மேல் காய்ந்த இலைகளை இரண்டு பேரும் கூட்டினோம். அங்கிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் முழுதும் தெரியும். அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு மைனஸ் இருபத்தஞ்சு. கடப்பாரையப் போட்டா பொறி பறக்குது, மண்ணு வரல. நான் ஒருத்தன். என்ன பண்ணச் சொல்ற?"

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். நான் மண்வெட்டி எடுத்துட்டு வந்திருப்பேன்."

"பொம்பள வந்து குழி வெட்டினா ஊரு சிரிக்காதா?"

"எந்த ஊரு?"

அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி கீழே வீடுகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆளில்லாத கூரைகள். எங்கள் இரண்டு புகைபோக்கியிலும் புகை இல்லை, நாங்கள்தான் இங்கே நின்றுகொண்டிருக்கிறோமே.

நான் மன்னிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

டிசம்பர் 11

இடுப்பளவு பனி. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். நவம்பரிலிருந்து ஈஸ்டர் வரை திறக்க வேண்டியதில்லை என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது.

என் முறை வாரம். பத்து மணிக்குப் போனேன். டெப்னர் படியில் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார். "என் வாரம், நான் எப்ப வேணா வருவேன்" என்றேன். சோளக்களியும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோயிருந்தேன். உப்பு போதாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு மணிக்குப் பூட்டினோம்.