பின்சீட்டில் ஒரு தாயும் பிள்ளையும்

டில்லி
டிசம்பர் 1999

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நீயும் நம் மகள் சுகந்தியும் நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

புகை கக்கும் பழைய ஆட்டோக்களை ஓட்டக் கூடாது என்று இங்கே கோர்ட்டு சொல்லிவிட்டது. இனி சிலிண்டரில் ஓடும் கேஸ் வண்டிதான். லோனு கேட்டுப் போனேன். சொந்த வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றார்கள். குடிசையில் கிடக்கிறவனிடம் பத்திரம் ஏது? நல்லவேளையாக நரிக்குடி இம்மானுவேல், தான் வாங்கிய கேஸ் வண்டியைப் பாதி நாள் எனக்குக் கொடுக்கிறான். அதற்குக் கேஸ் பிடிக்கும் வரிசையில் இருந்தபடிதான் இதை எழுதுகிறேன்.

நேற்றுதான் முதல்முறை ஓட்டினேன். சிலிண்டர் வெடிக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். சிக்னலில் நிற்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ரோட்டைத் தாண்டிய பிறகுதான் பின்சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். பக்கத்தில் நின்ற சைக்கிளில் காற்று இறங்கிய சத்தமாம் அது.

சாயங்காலம் சொன்னதும் இம்மானுவேல், "ஏலே, சைக்கிள் டியூப்புக்கா இந்த ஓட்டம் ஓடுன?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நீயும் சிரித்துவிடு.

குளிர் தாங்கவில்லை. என் கம்பளியும் கொஞ்சம் மிளகாய் வத்தலும் அனுப்பு. சுகந்தியை அவள் கையால் ஒரு வரி எழுதச் சொல்.

பொங்கல் கழிந்து இருவரும் இங்கே வருவதாக எழுதியிருந்தாய். இப்போது வர வேண்டாம். கேஸ் பிடிக்கும் வரிசை நகர்கிறது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பின்சீட்டில் நீங்கள் இருந்தாலும் ஓடியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது, பஞ்சவர்ணம்.

இருளப்பன்