பாட்டு விழாவுக்கு நானும் போனேன்

ஜனவரி 29, புதன்

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. சுகுணா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சொன்ன சேதியில் அடுப்பையே மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பாட்டு விழாவாம். ஓசூருக்கு வெளியே பெரிய மைதானத்தில். மத்தியானம் ஆரம்பித்து இருட்டும் வரை ஒரு குழு மாற்றி ஒரு குழு மேடையில் பாடுமாம். கம்பெனியே டிக்கெட் கொடுத்து பஸ்ஸும் விடுகிறதாம்.

உள்ளங்கை வேர்த்துவிட்டது. போன மார்ச்சில் சுரேந்தரும் இப்படித்தான் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னான். "மா, பெங்களூர்ல கச்சேரி. போய்ட்டு வந்துடறன்."

வந்தான். ஆம்புலன்ஸில் வந்தான். கூட்டத்தில் நசுங்கிய உடம்பு. கையில் கச்சேரி கேட்டில் கட்டிவிட்ட கலர் பட்டை. குளிப்பாட்டும்போது கழற்றப் பார்த்தார்கள், வரவில்லை. கத்தரி வாங்கி வந்து வெட்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஜனவரி 30

தூக்கமில்லை. போகாதே என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 2, ஞாயிறு

சண்டை. போகக் கூடாது என்றேன்.

"அண்ணன் போயிட்டான்னா பாட்டும் போயிடணுமா?"

"வருஷம்கூட திரும்பலடி. ஊரு என்னா பேசும்?"

"ஊருக்கா நீ பயப்படற? நெசத்தச் சொல்லும்மா."

எனக்குப் பயம். அவ்வளவுதான்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "அவன் பாட்டால சாவல. வெளிய போற கேட்ட பூட்டி வெச்சானுங்களே, அதால செத்தான்." அண்ணன்தான் இவளுக்குச் செல்போனில் பாட்டுக் கேட்கப் பழக்கினான். ஆளுக்கு ஒரு காதில் வயரை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவள் அப்பாவைப் பார்த்தேன். "சம்பாரிக்கிற புள்ள. நான் என்னான்னு சொல்றது?" என்று துண்டை உதறிக்கொண்டு மாட்டுப் பண்ணைக்குக் கிளம்பிவிட்டார். அங்கேதான் நாங்கள் இரண்டு பேருக்கும் கூலி வேலை. சுரேந்தர் போனதிலிருந்து இவர் வீட்டில் இருப்பதைவிட மாடுகளோடு இருப்பதே அதிகம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

"நானும் வரன்" என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லிவிட்டது.

சுகுணா சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து! "நீயா? காது கிழிஞ்சிடும்மா."

வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போகலாமாம். ஆனால் கம்பெனி கொடுக்கிற நீல டீ சர்ட் போட்டால்தான் பஸ்ஸில் ஏற்றுவார்களாம், யாராக இருந்தாலும். பக்கத்துப் போர்ஷன் ரேவதி எனக்கும் ஒன்று வாங்கி வந்தாள். சேலைக்கு மேல் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். "அக்கா, அப்படியே எங்க லைன் லீடர் மாதிரி இருக்கறீங்க. நாளைக்கு லேட்டா வந்தா திட்டாதீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. உடனே திக்கென்றது. எனக்கு எப்படிச் சிரிப்பு வரலாம்?

பிப்ரவரி 18, செவ்வாய்

கூட்டத்தில் நின்று பழகிப் பார்க்கலாம் என்று ஷிப்டு விடுகிற நேரத்தில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். ஒரு பஸ் வந்தது, எல்லோரும் முண்டினார்கள். பண்ணையில் கேட்டைத் திறக்கும்போது கன்றுகள் நெருக்குமே, நடுவில் மாட்டியது மூச்சு முட்டித் தலையைத் தூக்கிக் கத்துமே, அது ஞாபகம் வந்துவிட்டது. சுரேந்தரும் தலையைத் தூக்கினானோ? என்னைக் கூப்பிட்டானோ?

ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21

நாளைக்கு. டீ சர்ட்டை இரண்டு தரம் பிரித்து மடித்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

கேட்டிலேயே கையில் பட்டை கட்டினார்கள். அதே மாதிரி பட்டை. லூசா கட்டும்மா என்றேன். "கழட்ட முடியாதுங்க, வெட்டித்தான் எடுக்கணும்" என்றது அந்தப் பெண். எனக்குத் தெரியாதா?

உள்ளே போனதும் வெளியே போகிற வழி எங்கே என்றுதான் பார்த்தேன். பின்னால் ஒரு சின்ன கேட், சங்கிலி போட்டிருந்தது. ஒரு செக்யூரிட்டி நின்றான்.

பொய் சொல்லக் கூடாது. பகலில் நன்றாகத்தான் இருந்தது. புல்லில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். டிரம் அடித்தால் நெஞ்சுக்குள் யாரோ தட்டுவது போல இருந்தது. முதலில் பயந்தேன், பிறகு அந்தத் தட்டலுக்குக் காத்திருந்தேன். எல்லோரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். சுகுணா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இதுக்குத்தான் வந்தியாடா என்று மனதுக்குள் அவனைக் கேட்டேன்.

பொழுது சாய்ந்தது. கடைசிக் குழு மேடை ஏறியதும் எல்லோரும் முன்னால் ஓடினார்கள். நான் சுகுணா கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்போது கரண்டு போனது. மேடை, மைக், விளக்கு எல்லாம் ஒன்றாக நின்றது. ஒரு கூச்சல். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். என் கை வேர்வை. அவ கை நழுவிடுச்சி — ஐயோ, நழுவிடுச்சி. தடவுறேன், எல்லாம் நீல டீ சர்ட்டு, எல்லாம் ஜடை. ஒரு கை கெடச்சது. புடிச்சேன். அவதான். புடிச்சி இழுத்தேன்.

முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கன்றை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது போல வேலி ஓரமாகவே இழுத்தேன். சின்ன கேட்டில் அந்த செக்யூரிட்டி கன்னடத்தில் கத்தினான். "ஹிந்தே ஹோகி! ஹிந்தே ஹோகி!" பின்னால் போகச் சொல்கிறான். எங்கே போவது? நானும் அவன் பாஷையிலேயே கத்தினேன். "கேட்டு தெகிரி! மக்களு சாய்த்தாரே!" பிள்ளைகள் செத்துப்போகும், திறடா! என் முகத்தில் என்ன பார்த்தானோ, சங்கிலியைக் கழற்றிவிட்டான்.

வெளியே டீக்கடை விளக்கு. திரும்பிப் பார்த்தேன். சுகுணா இல்லை.

யாரோ ஒரு பெண். அதே நீல டீ சர்ட். உதடு வெளுத்துப்போய், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள்.

"யாருடி நீ? என் பொண்ணு எங்க? நீ எதுக்குடி வந்த?" அப்படித்தான் கேட்டேன். கையை உதறிவிட்டேன். அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் கேட்டுக்கு ஓடினேன், உள்ளே நுழைய முடியவில்லை, ஆட்கள் கொட்டிக்கொண்டு வருகிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகுணா சுகுணா என்று கத்தினேன். தொண்டை போய்விட்டது. இன்னொன்றையும் எடுத்துக்கிட்டியா என்று யாரைக் கேட்டேன், தெரியவில்லை.

கரண்டு வந்தது. ரோட்டுப் பக்கமிருந்து "ம்மா!" என்று ஒரு குரல். சுகுணாவும் ரேவதியும் முன் கேட் வழியாக வந்து மைதானத்தைச் சுற்றி என்னைத் தேடி ஓடி வந்திருக்கிறார்கள். டீ சர்ட் தோளில் கிழிந்திருந்தது. கன்னத்தில் ஓர் அறை வைத்தேன். பிறகுதான் கட்டிப்பிடித்தேன்.

யாரும் சாகவில்லை. மயங்கி விழுந்த சிலரைத் தூக்கிப்போனார்கள்.

அந்தப் பெண்ணுக்கு ரேவதிதான் தண்ணீர் கொடுத்தாள். பெயர் முனிலட்சுமி. நாட்றாம்பாளையத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஹாஸ்டலில் இருக்கிறாள். "கீழ வுழப் போனேம்மா. காலு மண்ணுலயே இல்ல. அப்பத்தான் நீங்க கைய புடிச்சீங்க. யாருன்னு தெரியல. வுடக் கூடாதுன்னு மட்டும் தோணுச்சி."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 25

பட்டை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இவர் கத்தரியைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது. அன்னிக்கு பெங்களூர்ல, யாரோ ஒருத்தி தன் புள்ளைன்னு நெனச்சி தப்பாவாச்சும் என் புள்ள கைய புடிச்சி இழுத்திருக்கக் கூடாதா?

மார்ச் 16, ஞாயிறு

சுரேந்தருக்குத் தெவசம் முடிந்தது. இலை போடும்போது முனிலட்சுமி வந்தாள். சுகுணா சொல்லியிருக்கிறாள். ஊரிலிருந்து சாமை கொண்டுவந்திருந்தாள். அவன் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் போகும்போது என் கையை நீட்டினேன். "இத வெட்டுடி." வெட்டினாள். சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அன்னிக்கு உன்ன உதறிட்டேனே" என்றேன்.

"வெளிய வந்த பின்னதான்மா உதறினீங்க" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி. சாயங்காலம் அங்கே கச்சேரி. மூன்று பேரும் போகிறோம். முனிலட்சுமி காலையிலேயே ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள். சுகுணா அவளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

பயம் போகவில்லை. காலையிலிருந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை.

என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு கையில் கட்டிவிட்டேன். இருட்டிலும் தடவினால் தெரிய வேண்டும். "என்னாம்மா இது, நாங்க என்ன எல்கேஜி புள்ளைங்களா?" என்று சுகுணா கத்தினாள். பண்ணையில் கன்றுக்குப் போடுகிற முடிச்சுதான் போட்டேன். ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கத்தரி வேண்டாம்.

கட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன். நாலு துண்டு கிழித்திருக்கிறேன்.

நாலாவதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கூட்டத்தில் யார் கைக்காவது ஆகும்.

இவர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வருகிறேன் என்று சட்டை மாட்டுகிறார்.